வடவொளியும் வயிற்றுத் தீயும்

2024ஆம் ஆண்டு மே மாத நடுப்பகுதியில், கொட்டாஞ்சேனையில் நாம் கற்பிக்கும் பாடசாலைக்கு மாணவன் ஒருவன் செய்தித்தாள் துண்டொன்றைக் கொண்டுவந்தான். லடாக்கிலுள்ள ஹான்லேயின் இரவு வானம் செம்மை பூத்து நிற்கும் படம் அதிலிருந்தது. “சேர், இது வடதுருவத்திலதானே தெரியும்? இந்தியாவில தெரிஞ்சா நாளைக்கு வெள்ளவத்தைக் கடற்கரையிலயும் தெரியுமோ?” என்று அவன் கேட்டான். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். தமிழ் படித்தவர்களுக்குப் பௌதிகம் தூரம் என்பது வழக்கமான சாட்டு. அக்கேள்வி சிரிப்புக்குரியதன்று என்பதைச் சில நூல்களைப் புரட்டிய பின்னரே உணர்ந்தோம். அதற்கான விடை வானத்திலிருந்து தொடங்கிப் பஞ்சக் கூழில் வந்து முடிகிறது.

ஹான்லே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,500 மீற்றர் உயரத்திலுள்ள வறண்ட மேட்டுநிலம். சாங்தாங் வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. மந்தை மேய்ப்போரின் நாடு. 2022இல் அப்பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள வானாய்வுக்கூடத்தின் கமராக்கள் 2024 மே 10ஆம் திகதி இரவு அச்செவ்வொளியைப் பதிவு செய்தன. பச்சையின்றிச் சிவப்பு மட்டும் தோன்றியது ஏன்? சூரியனிலிருந்து பீறிட்டுவரும் மின்னூட்டத் துகள்களின் கொந்தளிப்பு பூமியின் காந்தப்புலத்தைக் குலைக்கும்போது, அப்புலத்தின் வழியே இறங்கும் துகள்கள் துருவங்களைச் சூழ்ந்த வளையத்தில் காற்றணுக்களைத் தாக்குகின்றன. சுமார் 100 கிலோமீற்றர் உயரத்தில் ஒட்சிசன் பச்சையாக ஒளிரும். 200 கிலோமீற்றருக்கு மேல் சிவப்பாக ஒளிரும். 400 கிலோமீற்றர் உயரத்து ஒளியை 2,200 கிலோமீற்றர் தொலைவிலிருந்தும் அடிவானத்தில் காணலாம். பச்சையோ பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்துவிடும். ஆகவே தொலைவில் நிற்பவனுக்குக் கிட்டுவது செந்நிற விளிம்பு மட்டுமே.

இவ்வொளி துருவத்துக்கு வெகுதூரம் தெற்கே தோன்றியது 2024இல் முதன்முறையாக அன்று. 1872 பெப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை இரவு, பம்பாய் நகரத்தார் அதைத் தம் வானத்தில் கண்டனர். பம்பாய் ஹான்லே அன்று. அகலாங்கு 19 பாகை, கொழும்பிலிருந்து வடக்கே 12 பாகை மட்டுமே. அன்றிரவு பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையிலான கடலடித் தந்திக் கம்பி பல மணி நேரம் தடுமாறியது. அக்கம்பி 1870இல்தான் இடப்பட்டிருந்தது. பருத்தி விலையும் இலண்டனின் ஆணையும் பாய்ந்தோடிய நரம்பு அது. பேரரசின் நரம்பைச் சூரியன் சிறிது நேரம் கிள்ளிப் பார்த்தது எனலாம். நான்கு நாள் கழித்து, பெப்ரவரி 8இல், அந்தமானில் வைசிராய் மேயோ பிரபு ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதியின் கத்திக்கு இரையானார். செவ்வானம் கண்டவர்களில் எத்தனை பேர் இரண்டையும் முடிச்சுப் போட்டார்களோ! முடிச்சுப் போடுவதில் மனிதன் சமர்த்தன். நம்மவரில் சிலர், கடலுக்குள் எரிவதாகப் புராணங்கள் கூறும் வடவைத் தீயையும் இவ்வொளியையும் முடிச்சிட்டு, முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று எழுதவும் கூடும். அவ்வித பெருமை நமக்கு வேண்டாம். பெருமைப்படத்தக்கது வேறு இருக்கிறது.

பம்பாயின் கொலாபாவில் காந்த ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. 1859 செப்டெம்பர் 2ஆம் நாள் உலகறிந்த பெரும் காந்தப்புயல் வீசியபோது, அங்கே ஊசியின் அசைவை மனிதர் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தனர். சாதாரண நாள்களில் மணிக்கொரு முறை. குழப்ப வேளையில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை. நடுக்கோட்டை அண்டிய நாடுகளிலிருந்து அப்புயலின் வலிமையை இன்று கணக்கிட விரும்புவோர் அந்தப் பதிவேட்டையே தேடிச் செல்கின்றனர். இரவு பகலாய் விளக்கொளியில் ஊசியை நோக்கியிருந்தவனின் சம்பளம் சிறியது, கவனம் பெரியது.

இன்னும் அண்மைக்கு வருவோம். பூமியின் காந்த நடுக்கோடு இலங்கைக்கும் தென்னிந்திய முனைக்கும் மிக அருகே செல்கிறது. திருவிதாங்கூர் அரசரின் ஆய்வுக்கூடத்தை நடத்திய ஜான் ஆலன் பிரௌன், 1855இல் பொதிகையின் அகத்தியர் மலையுச்சியிலேயே காந்த ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம், யானைக் காடு, மழை, குளிர். கருவிகளும் கட்டடப் பொருள்களும் தாமாக நடந்து ஏறவில்லை. தமிழ் வளர்த்த முனிவன் இருந்ததாகப் பாட்டிலும் கதையிலும் நாம் படிப்பிக்கும் மலை அது. அந்த மலையைத் தலைச்சுமையோடு ஏறிய கூலியாளைப் பற்றி எந்தத் தமிழாசிரியனும் வகுப்பில் பேசியதில்லை, நாமும் பேசியதில்லை.

இனி அந்தக் கூழுக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் பெரும் பஞ்சம் சூறையாடியது. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது மதிப்பீடு. மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானியம் நாட்டில் அறவே இல்லாமற் போகவில்லை. துறைமுகங்களிலிருந்து அது கப்பலேறிக்கொண்டே இருந்தது. சந்தையில் கைவைப்பது பாவம் என்பது ஆட்சியாளரின் வேதம். செலவைக் குறைக்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். ஒரு இறாத்தல் என்பது சுமார் 450 கிராம். அதை உண்டு பகல் முழுவதும் மண் சுமக்க வேண்டும்.

அந்த வேளையில்தான் அறிஞர்கள் சூரியனை அண்ணாந்து பார்த்தனர். புள்ளிவிபரத் துறைத் தலைவர் வில்லியம் ஹண்டர் 1877இல், சூரியப் புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் மழை குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று எழுதினார். வானியலறிஞர் நோர்மன் லொக்கியரும் அவரும் சேர்ந்து அதே ஆண்டில் கட்டுரையும் வெளியிட்டனர். ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலறிஞர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். புள்ளிகள் மாறினால் இந்திய விளைச்சல் மாறும். விளைச்சல் விழுந்தால் இங்கிலாந்தின் துணி விலைபோகாது. ஆகவே வணிக நெருக்கடிக்கும் சூரியனே மூலம் என்றார்! முதலாளியும் குற்றவாளியல்ல, ஆட்சியும் குற்றவாளியல்ல. ஒன்பது கோடி மைலுக்கு அப்பாலுள்ள ஒரு கறைதான் குற்றவாளி. இவர்களை மூடர் எனச் சொல்வதற்கில்லை. லொக்கியர் சூரியனில் ஹீலியத்தை இனங்கண்டவர்களுள் ஒருவர். பசியின் காரணத்தைத் தேடப் புறப்பட்ட அறிவு, சென்னைத் துறைமுகத்தின் வழியே போகாமல் வானத்தின் வழியே போனதுதான் துயரம்.

அப்பஞ்சத்தில் உயிர் தப்பியோருட் பல்லாயிரவர் கடல் கடந்து மன்னார்க் கரையேறி, காட்டுப் பாதையில் மாத்தளை வரை கால்நடையாய் நடந்து கண்டிச் சீமைத் தோட்டங்களை அடைந்தனர். வழியில் விழுந்தோர் பலர். கோப்பிச் செடியையோ 1869 முதலே இலைநோய் தின்றுகொண்டிருந்தது. பின்னர் தேயிலை வந்தது. இன்று ஹோட்டன் சமவெளியைச் சூழ்ந்த சரிவுகளில் கொழுந்து கிள்ளுவோரில் அவர்களின் பேரர் வழியினர் பலர் உளர் என்பதை எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்வதில்லை.

சூரியனைக் கண்டால் மழையைக் கண்டுகொள்ளலாம் என்ற நம்பிக்கை கொடைக்கானலில் ஒரு சூரிய ஆய்வுக்கூடமாக உருப்பெற்றது. 1899இல் அது இயங்கத் தொடங்கியது. மழையை முன்னறிவிக்கும் திறவுகோல் அங்கே கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று கிடைத்தது. ஜோன் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டறிந்தார். 1904 முதல் நாள்தோறும் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் நூறாண்டுக்கு மேற்பட்ட தொடராக இன்று உலகுக்குப் பயன்படுகின்றன. பொய்த்த கேள்வியிலிருந்தும் மெய்யான பதிவு பிறக்கக்கூடும். எனினும் அந்தக் கேள்விக்கு விலை கொடுத்தோர் மன்னார்ப் பாதையில் கிடந்தார்கள்.

மாணவனுக்கு மறுவாரம் விடை சொன்னோம். காந்த நடுக்கோட்டருகே இருப்பதால் வெள்ளவத்தைக்குச் செவ்வொளி எட்டுவது அரிதினும் அரிது. ஆனால் அதே காரணத்தால், புயல் வீசும்போது பூமியின் காந்தவலிமை குன்றுவதை நம் பக்கத்துக் கருவிகள் நன்றாகவே காட்டும். கண் காணாததை ஊசி காணும். அவன் திருப்தியடையவில்லை. “அப்ப ஹோட்டன் சமவெளிக்குப் போனா?” என்றான். 2,100 மீற்றர் உயரத்துப் புல்வெளி, 1988 முதல் தேசியப் பூங்கா, ஆளுநர் ஒருவரின் பெயரைச் சுமப்பது. சிங்களத்தில் அதன் பழம்பெயர் மகா எலிய, எலிய என்றால் வெளி என்றும் ஒளி என்றும் பொருள்படும் என்றோம். “பெயரிலயாவது இருக்குது,” என்றான் அவன்.

வரும் விடுமுறையில் போவதாக இருக்கிறோம். திசைகாட்டி ஒன்று வாங்கியாயிற்று. திரும்பும் வழியில் பட்டிப்பொலையின் தேயிலைத் தோட்டமொன்றில் இறங்கி, முதியவர் யாரேனும் தம் பாட்டன் வந்த வழியைச் சொல்வாராயின் மாணவர்கள் அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.