படம் நிலைக்க நல்ல தாள் வேண்டும்

வீட்டுச் சுவரில் தொங்கும் பாட்டன் பாட்டி படத்தைப் பார்க்கும்போது நாம் முகத்தைத்தான் பார்க்கிறோம். அந்த முகத்தைத் தாங்கி நிற்கும் தாளை எண்ணிப் பார்ப்பதில்லை. பிசின் அச்சு என்ற பழைய படமுறையின் வரலாறு, தாளின் அருமையை நமக்கு உணர்த்துகிறது.

1839ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மங்கோ பாண்டன், பொட்டாசியம் பைக்ரோமேட் என்னும் உப்பைப் பூசிய தாள் வெயில் பட்டால் நிறம் மாறுவதைக் கண்டார். 1855இல் பிரான்சு நாட்டு அல்போன்ஸ் புவாத்வேன், அவ்வுப்புடன் பிசினையும் வண்ணப் பொடியையும் சேர்த்துப் படம் அச்சிட வழி காட்டினார். ரப்பர்ப் பாலில் அமிலம் ஊற்றினால் உறைகிறது அல்லவா? அதுபோல இக்கலவை, வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகித் தாளைப் பற்றிக்கொள்ளும். நெகட்டிவ் மறைத்த இடத்துக் கலவை தண்ணீரில் கரைந்து போகும். எஞ்சி நிற்பதே படம். பைக்ரோமேட் கொடிய நஞ்சு. ஆகவே இது சிறுவர்கள் செய்து பார்க்கத் தக்கதன்று.

இம்முறைக்கு எந்தத் தாளும் உதவும் என்று எண்ணிவிடக் கூடாது. படத்தைத் தண்ணீரில் நெடுநேரம் மிதக்க விட வேண்டும். ஆழ்ந்த நிறம் பெறப் பலமுறை பூசிப் பலமுறை கழுவ வேண்டும். மெல்லிய தாள் கிழிந்துவிடும். நனைந்து காயும் தாள் சுருங்கினால் இரண்டாம் பூச்சு முதற்பூச்சோடு பொருந்தாது. புதுத் துணியை நனைத்துச் சுருங்கவிட்டுப் பிறகு வெட்டுவதைப் போல, தாளையும் முதலில் வெந்நீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். பின்பு துணிக்குக் கஞ்சி போடுவதுபோல ஜெலட்டின் பூசுவார்கள். இல்லையேல் வண்ணம் நாருக்குள் இறங்கி, வெண்மையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் கறைபடும். இவற்றையெல்லாம் தாங்குவது பருத்தி நாரால் செய்த கெட்டித் தாள். மரக்கூழில் செய்த செய்தித்தாளோ, அதிலுள்ள லிக்னின் என்னும் பொருளால் சில ஆண்டுகளிலேயே பழுப்பேறி நொறுங்குகிறது.

புவாத்வேன் வழி காட்டிய அதே 1855இல், லின்னியஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படைஅதிகாரி பர்மாவில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடித் தகடு கனமானது, உடையக்கூடியது. அவர் தாள் நெகட்டிவ்களையே நம்பினார். மறு ஆண்டு சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளரானார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக அச்சிட்டு, ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த தஞ்சை மண்ணின் எழுத்து, இவ்வாறு தாளிலும் நிலைபெற்றது.

நமக்கோ கல்வெட்டு இல்லை. பேராக் மாநிலத்தில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. பல குடும்பங்களுக்கு அவ்வாழ்வின் சாட்சியாக மிஞ்சியிருப்பவை சில படங்களே. அவற்றைச் செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள். அமிலமற்ற பருத்தித் தாளில் பொதிந்து, ஈரம் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். படத்தில் உள்ளவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களை இன்றே கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி, படத்தோடு சேர்த்து வையுங்கள்.