கொங்கணக் கரையில் எபிரேய எழுத்து

சென்ற வாரம் கொச்சி யூதர்களிடம் பழஞ்சுவடிகள் சேகரித்த கிளாடியஸ் புக்கானனைப் பார்த்தோம். இப்போது கடலோரமாகவே வடக்கே போவோம். பம்பாய்க்குத் தெற்கே, கொங்கணக் கிராமங்களில் 'பெனே இஸ்ரேல்' யூதர்கள் தலைமுறை தலைமுறையாகச் செக்காட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கைத் தொடாததால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி'. பேச்சு மராத்தி. ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்துக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதும் மராத்தியரைப் போலத்தான். எட்டாம் நாள் விருத்தசேதனம், செதிள் இல்லாத மீனை விலக்குவது, 'ஷெமா' என்ற ஒரே ஜெபம் ஆகியவற்றை விடாமல் காத்துவந்தார்கள். வேதப் புத்தகம் மட்டும் அவர்களிடம் இல்லை.

கம்பெனிப் படையில் சேர்ந்து பம்பாய்க்கு வந்த சாமுவேல் திவேகர் 1796இல் அங்கே முதல் ஜெப ஆலயத்தைக் கட்டினார். கொச்சி யூதர்கள் வந்து வழிபாட்டு முறை சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் மிஷனரிகள் வருகிறார்கள். 1813இல் அமெரிக்கர்கள், 1820களில், கிறிஸ்தவரான கொச்சி யூதர் மைக்கேல் சார்கோன். அவரை வேலைக்கு அமர்த்தியது நம் சென்னையில் இயங்கிய குழு. 1829இல் ஸ்காட்லாந்தின் ஜான் வில்சன்.

வில்சன் சாமானியர் அல்லர். வந்த மூன்றே ஆண்டில், 1832இல், மராத்தி வழியாக எபிரேயம் கற்க ஓர் இலக்கண நூலை அச்சிட்டார். புராட்டஸ்டன்டு மிஷனரிகளின் கணக்கு இதுதான்: தீர்க்கதரிசிகளின் நூல்களை யூதர்கள் தாங்களே வாசித்தால், அங்கே சொல்லப்பட்ட மேசியா இயேசுதான் என்று உணர்ந்து ஞானஸ்நானத்துக்கு வருவார்கள். அதற்காகத்தான் பள்ளிக்கூடம், மொழிபெயர்ப்பு, இலக்கணம் எல்லாம்.

பெனே இஸ்ரேல் மக்கள் ஆவலோடு வாசித்தார்கள். பழைய ஏற்பாடு மராத்தியில் கைக்கு வந்ததும், தாங்கள் காரணம் தெரியாமல் கடைப்பிடித்த பண்டிகைகளின் கதையை அதில் கண்டுகொண்டார்கள். பிள்ளைகளை மிஷன் பள்ளிக்கு அனுப்பினார்கள். மதம் மாறியவர்களோ மிகச் சிலர். மிஷனரிகள்தான் இச்சமூகத்தை உயிர்ப்பித்தார்கள் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கல்வி கொடுத்த பெருமை அவர்களுக்கு முழுதாக உரியது. கற்றதை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தவர்கள் அந்தச் செக்காட்டிகளின் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஜோசப் எசேக்கியல் ராஜ்புர்கர். டேவிட் சசூன் பள்ளியின் தலைமையாசிரியர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு எபிரேயத் தேர்வாளர். எபிரேய ஜெப நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக மராத்தியாக்கினார். இன்னொருவர் ஹாயிம் சாமுவேல் கேஹிம்கர். தம் மக்களின் வரலாற்றை எழுதியபோது மிஷனரிகளின் உதவியை நன்றியோடு குறித்தவர் அவர். ஆனாலும் மிஷன் பள்ளியை நம்பியே காலம் தள்ள அவருக்கு மனமில்லை. 1875இல் பம்பாயில் பெனே இஸ்ரேல் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். எபிரேயம் அங்கேயும் பாடமாக இருந்தது. புதிய ஏற்பாடு இல்லை.

(தொடரும்)