ஒரே எடை, வேறு பொருள்

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, கே-லுசாக் என்றால் வாயு விதி மட்டுமே நினைவிலிருந்தது. ஒரு சண்டையை அவர் விளங்கவைத்த கதையைப் பின்னாளில்தான் படித்தேன்.

1824-இல் பாரிசில் அவருடைய ஆய்வகத்தில், லீபிக் என்ற ஜெர்மன் இளைஞர் வெள்ளி ஃபல்மினேட்டில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று கணக்கிட்டார். தொட்டால் வெடிக்கும் பொருள் அது. வோலர் என்ற இன்னொரு ஜெர்மானியர் ஆராய்ந்த வெள்ளி சயனேட்டிலும் அதே கணக்கு, அதுவோ வெடிக்காது. வோலர் தப்பாக அளந்துவிட்டார் என்றார் லீபிக். கடைசியில் இருவர் கணக்கும் சரி! அணுக்கள் சேர்ந்த விதம்தான் வேறு என்பது கே-லுசாக் சொன்ன விளக்கம். 1830-இல் பெர்சீலியஸ் இத்தகைய பொருள்களுக்கு 'ஐசோமர்' என்று பெயரிட்டார். சண்டைக்காரர் இருவரும் ஆயுள்கால நண்பர்களானார்கள்.

இன்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மூலக்கூறையே எடை போடுகிறது. ஆனாலும் ஐசோமர்களுக்கு மொத்த எடை ஒன்றுதானே? அசிட்டோனும் 58, புரோப்பியோனால்டிஹைடும் 58. அதனால் எலக்ட்ரான்களால் அடித்து உடைத்து, துண்டுகளை எடை போடுகிறார்கள். அசிட்டோனில் 43 எடையுள்ள துண்டு மேலோங்கும். மற்றதில் 29 எடுப்பாகத் தெரியும்.

கண்ணாடிப் பிம்பம் போன்ற ஐசோமர்கள் மட்டும் இதற்கும் பிடிபடுவதில்லை. அவற்றின் துண்டுகளும் ஒன்றே. அப்படிப்பட்ட படிகங்களை 1848-இல் பாஸ்தர் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார்.

கூட்டுத்தொகை ஒத்துப்போனால் கோப்பை மூடிவிடும் குமாஸ்தாவாக இருந்தவன் நான். உள்வரிகளையும் பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.