சயாம் போன தாத்தாவின் பெயர் எங்கே?

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவில் சேர்ந்தவருக்கு ஓர் எண் இருந்தது. 1918 ஏப்ரல் 1இல் அப்பிரிவு அரச விமானப் படையில் கலந்தது. பேரப்பிள்ளைகள் இன்றும் லண்டன் கியூ காப்பகத்தில் அந்தப் பதிவேட்டைத் தேடலாம்.

கெடா தோட்டப் பாட்டாளிக்கு? சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களிலும் ஜப்பானியர் ஆள் பிடித்து, 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதைக்கு அனுப்பினர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காஞ்சனபுரியில் போர்க் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறை உண்டு. தோட்டத் தமிழருக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை.

செக்ரோலில் கிராணி எழுதிய பெயர் ஒன்று, லயத்தில் கூப்பிட்ட பெயர் வேறு. ஆகவே காப்பகத்துக்கு ஓடுமுன் வீட்டு மூத்தவரிடம் கேளுங்கள்: எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, யாரோடு ரயில் ஏறினார்?