எமிலும் அவன் தோழர்களும்: 1931-இன் குட்டித் துப்பறிவாளர்கள்



'குழந்தையும் தெய்வமும்' படத்தை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏவி.எம். தயாரித்து கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 1965-ஆம் ஆண்டுப் படம். ஜெய்சங்கரும் ஜமுனாவும் இருந்தாலும், படத்தைத் தோளில் சுமந்தது இரட்டை வேடத்தில் நடித்த குட்டி பத்மினிதான். பிரிந்து வாழும் பெற்றோரை இரட்டைக் குழந்தைகள் ஆள் மாறாட்டம் செய்து சேர்த்து வைக்கும் அந்தக் கதை, 1961-இல் வந்த டிஸ்னியின் 'தி பேரண்ட் ட்ராப்' வழியாக நம்மிடம் வந்தது. அதற்கும் மூலம் 1949-இல் வெளியான ஒரு ஜெர்மன் சிறுவர் நாவல். எழுதியவர் எரிஹ் கேஸ்ட்னர்.

இந்த முறை உங்களுக்குச் சொல்ல வந்தது அதே கேஸ்ட்னரின் இன்னொரு கதையைப் பற்றி. பிள்ளைகள் கூட்டாகச் சேர்ந்து துப்பறிந்து திருடனைப் பிடிக்கும் படங்களை நம் வீட்டுக் குழந்தைகள் எத்தனையோ பார்த்திருப்பார்கள். அந்த வகைக்கு ஆரம்பத்திலேயே பாதை போட்டுக் கொடுத்த படம் 'எமிலும் துப்பறிவாளர்களும்'. 1931 டிசம்பர் 2 அன்று பெர்லினில் வெளியானது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' திரைக்கு வந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

140 மார்க்கும் ஒரு குண்டூசியும்

கதை எளிமையானது. எமில் சிற்றூரில் வளரும் பையன். அப்பா இல்லை. அம்மா வீட்டிலேயே பெண்களுக்குக் கூந்தல் அலங்காரம் செய்து சம்பாதிக்கிறார். பெர்லினில் இருக்கும் பாட்டிக்குக் கொடுக்க அம்மா சேர்த்த பணத்தோடு எமில் தனியாக ரயில் ஏறுகிறான். நாவலில் அது 140 மார்க். தொலைந்துவிடக் கூடாதே என்று கோட்டின் உள்பக்கம் குண்டூசியால் குத்தி வைத்துக்கொள்கிறான். எதிரே உட்கார்ந்த வட்டத் தொப்பிக்காரர் பேச்சுக் கொடுக்கிறார், இனிப்பு நீட்டுகிறார். எமில் கண் விழிக்கும்போது பணமும் இல்லை, அவரும் இல்லை.

போலீசிடம் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போக முடியாது. ஊரில் ஒரு சிலையின் மேல் விளையாட்டாகக் கிறுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறான். தன்னைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று பயம். எனவே திருடனைத் தானே பின்தொடர்கிறான். வழியில் எப்போதும் ஹாரனோடு திரியும் குஸ்தாவ் என்ற பையன் சேர்கிறான். அவன் ஹாரன் அடித்தால் தெருப் பிள்ளைகள் எல்லோரும் கூடிவிடுவார்கள். வேலைகளைப் பங்கு போடுகிறார்கள். எமிலின் பெயரையே ரகசியச் சொல்லாக வைத்துக்கொள்கிறார்கள். மறுநாள் காலையில் பெரும் பிள்ளைக் கூட்டம் அந்த ஆளைச் சூழ்ந்துகொண்டு, அவர் போகுமிடமெல்லாம் கூடவே நடக்கிறது. கடைசியில் வங்கியில் வைத்து, நோட்டு தன்னுடையதுதான் என்று எமில் நிரூபிக்கிறான். ஆதாரம், நோட்டில் இருந்த குண்டூசித் துளைகள்.

இந்தக் கூட்டத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒரு பையன் உண்டு. எல்லோரும் திருடனைத் துரத்த ஓடும்போது அவனுக்குக் கிடைத்த வேலை, வீட்டில் தொலைபேசி அருகே உட்கார்ந்திருப்பது. யாராவது செய்தி சொன்னால் வாங்கி அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வேடிக்கை எதையும் பார்க்க முடியாத அவன் இடத்தை விட்டு நகர்வதில்லை. அவன் பெயர் 'குட்டி டீன்ஸ்டாக்', நம் மொழியில் சொன்னால் 'குட்டிச் செவ்வாய்க்கிழமை'.

படத்தை உருவாக்கியவர்கள்

கேஸ்ட்னர் 1899-இல் டிரெஸ்டனில் பிறந்தவர். எமிலின் அம்மாவைப் போலவே அவருடைய அம்மாவும் கூந்தல் அலங்காரத் தொழில் செய்து மகனைப் படிக்க வைத்தார். எமில் என்பது அவர் அப்பாவின் பெயர். பெரியவர்களுக்கான கிண்டல் கவிதைகளும் கட்டுரைகளும் எழுதிக்கொண்டிருந்தவரிடம், சிறுவர்களுக்கு ஒரு கதை எழுதுங்களேன் என்று தூண்டியவர் எடித் யாக்கப்சோன் என்ற பெண் பதிப்பாளர். 1929-இல் நாவல் வந்தது. படங்கள் வரைந்தவர் வால்டர் ட்ரியர்.

படத்தை இயக்கியவர் கெர்ஹார்ட் லாம்ப்ரெக்ட். திரைக்கதையில் பெயர் போட்டுக்கொண்டவர் இருபத்தைந்து வயது பில்லி வைல்டர். பின்னாளில் ஹாலிவுட்டில் 'சன்செட் புலவார்ட்', 'சம் லைக் இட் ஹாட்' எடுத்த அதே வைல்டர்தான். அவருக்கு இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படங்களில் ஒன்றின் பெயர் 'தி அபார்ட்மெண்ட்' என்பது நமக்கெல்லாம் கூடுதல் சந்தோஷம்!

திருடனாக நடித்தவர் ஃபிரிட்ஸ் ராஸ்ப். வில்லன் வேடங்களுக்கென்றே பெயர் வாங்கியவர். எமிலாக ரோல்ஃப் வெங்க்ஹவுஸ், குஸ்தாவாக ஹான்ஸ் யோவாகிம் ஷௌஃபுஸ், குட்டி டீன்ஸ்டாக்காக ஹான்ஸ் லோர், எமிலின் மாமன் மகள் போனியாக இங்கெ லாண்ட்குட். படத்தின் பெரும் பகுதி பெர்லின் தெருக்களில் நடக்கிறது. டிராம் வண்டிகளும் காபிக் கடைகளும் பிள்ளைகள் ஓடும் நடைபாதைகளும், போருக்கு முந்தைய அந்த நகரத்தின் பதிவாகவே இன்று நிற்கின்றன.

ஒரே ஆண்டு, ஒரே நகரம்

அதே 1931-இல், அதே பெர்லினில் இன்னொரு படமும் வந்தது. ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய 'எம்'. குழந்தைகளைக் கடத்திக் கொல்லும் ஒருவனை ஒரு நகரமே தேடுகிற கதை. (இது பெரியவர்களுக்கான படம், குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.) அதில் பள்ளியிலிருந்து வீடு திரும்பாமல் போகும் சிறுமி எல்ஸி. அவள் பந்து புல்லில் உருண்டு வந்து நிற்கும். அவள் பலூன் கம்பிகளில் சிக்கித் தவிக்கும். நமக்கு விஷயம் புரிந்துவிடும். எல்ஸியாக நடித்த சிறுமிதான் எமிலின் மாமன் மகளாகவும் நடித்த இங்கெ லாண்ட்குட்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தெருவில் அறிமுகமில்லாத ஆள் குழந்தைக்கு ஆசை காட்டுகிறான். இரண்டிலும் ஒரு கூட்டம் குற்றவாளியைத் துரத்துகிறது. 'எம்' படத்துப் பெரியவர்களின் கூட்டம் பயத்தில் யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறது, அடிக்கப் பாய்கிறது. எமிலின் கூட்டமோ திருடன் மேல் கை வைக்காமல் கூடவே நடக்கிறது, ஆதாரம் காட்டுகிறது, பிறகு போலீசிடம் ஒப்படைக்கிறது. ஜெர்மனி இந்த இரண்டில் எந்தக் கூட்டத்தின் பின்னால் போனது என்று தெரிய அதிக நாள் ஆகவில்லை.

1933-க்குப் பிறகு

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மே 10 அன்று பெர்லின் ஓபரா சதுக்கத்தில் மாணவர்கள் முன்னின்று ஆயிரக்கணக்கான புத்தகங்களைக் கொளுத்தினார்கள். எரிக்கப்பட்டவற்றில் கேஸ்ட்னரின் நூல்களும் உண்டு. தன் புத்தகங்கள் எரிவதை அவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார். 'எமில்' மட்டும் அன்று தப்பியது. அத்தனை பிள்ளைகள் அதைப் படித்திருந்தார்கள். சில ஆண்டுகளில் அதற்கும் தடை வந்தது. அந்தச் சதுக்கத்துக்குப் போனால் இன்று தரையில் பதித்த கண்ணாடி வழியே, கீழே வெறும் அலமாரிகள் மட்டும் உள்ள ஓர் அறையைப் பார்க்கலாம். எரிந்த நூல்களுக்கான நினைவிடம் அது.

யூதர்களான வைல்டரும் எடித் யாக்கப்சோனும் 1933-இலேயே நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். ஓவியர் ட்ரியர் 1936-இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். வைல்டரின் தாயார் யூதப் படுகொலையில் மாண்டார். கேஸ்ட்னர் மட்டும் ஜெர்மனியை விட்டுப் போகவில்லை. அம்மாவைத் தனியே விட மனம் வரவில்லை, நடப்பதை நேரில் பார்த்துச் சாட்சி சொல்ல ஒருவராவது வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. ரகசியப் போலீஸ் இரண்டு முறை அவரைப் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தது.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

படத்தில் நடித்த பையன்கள் 1939-இல் போர் தொடங்கும்போது ராணுவத்துக்கு ஏற்ற வயதை எட்டியிருந்தார்கள், அல்லது எட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஹாரன் வைத்திருந்த குஸ்தாவ், அதாவது ஷௌஃபுஸ், 1941-இல் ரஷ்யப் போர்முனையில் இறந்தார். வயது 22.

எமில், அதாவது வெங்க்ஹவுஸ், ஜெர்மன் விமானப் படையில் சேர்ந்தார். 1942 ஜனவரியில் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் அவர் இருந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. வயது 24.

தொலைபேசி அருகே உட்கார்ந்திருந்த குட்டி டீன்ஸ்டாக், அதாவது ஹான்ஸ் லோர், அதே 1942-இல் ரஷ்யாவில் இறந்தார். இருபது வயதுதான் இருக்கும். நாவலைப் படித்துவிட்டுக் கேஸ்ட்னருக்குக் கடிதம் எழுதி அவரோடு பழகிய சிறுவன் இவர். இவர்கள் நட்பை வைத்துப் பின்னாளில் ஜெர்மனியில் ஒரு தொலைக்காட்சிப் படமே எடுத்தார்கள்.

சிறுமி இங்கெ லாண்ட்குட் பிழைத்தார். வெளிநாட்டு நடிகைகளுக்கு ஜெர்மனில் டப்பிங் குரல் கொடுத்து, 1986 வரை வாழ்ந்தார்.

இந்த இளைஞர்கள் போரில் யாருக்காக நின்றார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வைல்டரின் தாயாரைக் கொன்ற அரசின் சீருடையைத்தான் அவர்கள் அணிந்திருந்தார்கள். சொன்ன இடத்தில் நிற்பது, தோழனைக் கைவிடாதது, ரகசியம் காப்பது என்று படம் கொண்டாடிய அத்தனை குணங்களையும் அந்த அரசும் சிறுவர்களிடம் கேட்டு வாங்கியது. ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது. எமிலின் கூட்டத்தில் என்ன செய்வதென்று பிள்ளைகளே பேசி முடிவெடுத்தார்கள், ஏன் செய்கிறோம் என்பதும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. நம் குழந்தைகளுக்குக் குழுவாகச் செயல்படக் கற்றுக்கொடுக்கும்போது இந்த இரண்டாவது பாடத்தையும் விட்டுவிடாமல் இருப்பது நல்லது.

இடிபாடுகளுக்கு நடுவே

போர் முடிந்ததும் இயக்குநர் லாம்ப்ரெக்ட் மறுபடியும் குழந்தைகளை வைத்து ஒரு படம் எடுத்தார். 'பெர்லினில் எங்கோ', 1946. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எமில் ஓடிய நகரம் இப்போது செங்கல் குவியல். பிள்ளைகள் அதன் நடுவே போர் விளையாட்டு விளையாடுகிறார்கள். இதிலும் திருடன் உண்டு, நடித்தவர் அதே ஃபிரிட்ஸ் ராஸ்ப். பழைய திருடன் திரும்பி வந்துவிட்டார், பழைய எமில் வரவில்லை. பழைய திரைப்படங்களைத் தேடித் தேடிச் சேர்த்த லாம்ப்ரெக்டின் சேகரிப்புதான், 1963-இல் பெர்லினில் தொடங்கிய ஜெர்மன் திரைப்படக் காப்பகத்துக்கு அடித்தளமானது.

அடுத்த ஆண்டே, 1947-இல், குண்டு விழுந்த லண்டனில் இங்கிலாந்துக்காரர்கள் 'ஹியூ அண்ட் க்ரை' எடுத்தார்கள். அதிலும் சிறுவர் கூட்டம்தான் திருட்டுக் கும்பலை மடக்குகிறது. எமில் கதையை 1935-இல் இங்கிலாந்திலும், 1954-இல் ஜெர்மனியிலும், 1964-இல் டிஸ்னியும், 2001-இல் மீண்டும் ஜெர்மனியிலும் எடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்த வகையில் முதலில் பார்க்க வேண்டியது சத்யஜித் ரே தன் சொந்த நாவலை வைத்து 1974-இல் எடுத்த வங்காளப் படம் 'சோனார் கெல்லா', அதாவது 'தங்கக் கோட்டை'. துப்பறிபவர் பெரியவர் ஃபெலூடா என்றாலும், தம்பி முறையுள்ள தோப்ஷே கூடவே வருவான். முன்ஜென்ம ஞாபகம் உள்ள சிறுவன் முகுலைத் தேடி ராஜஸ்தான்வரை ரயிலில் போவார்கள். முகுலாக நடித்த குஷல் சக்ரவர்த்தி வளர்ந்து பெரியவராகியும் வங்காளத் திரையில் நடித்தார். இதை வாசித்த பிறகு அந்த ஒரு வரிச் செய்தி உங்களுக்கும் ஓர் ஆறுதலாகத் தெரியும்.

பார்க்க விரும்புவோருக்கு

1931-ஆம் ஆண்டு 'எமில்' கறுப்பு வெள்ளைப் படம். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஓடும். ஜெர்மன் மொழி, ஆங்கில வசன வரிகளோடு பார்க்கலாம். வேகமாக வாசிக்க முடியாத சின்னப் பிள்ளைகளுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தால் போதும், கதை எளிதில் பிடிபட்டுவிடும். ஏழெட்டு வயதுக்கு மேல் யாரும் பார்க்கலாம். மயக்க இனிப்பு தின்றபின் எமிலுக்குத் தோன்றும் விசித்திரக் காட்சி மட்டும் சிலருக்குக் கொஞ்சம் பயம் தரலாம்.

நடிகர்களின் பிற்கால வாழ்க்கையைக் குழந்தைகளிடம் அன்றே சொல்ல வேண்டாம். முதலில் சிரித்து, கைதட்டி, திருடனைப் பிடிக்கட்டும். கொஞ்சம் வளர்ந்த பிறகு, வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போர் வரும்போது, அந்தத் தொலைபேசிப் பையனை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுத் தொடங்குங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.