நிழல் செல்கள்: ஒரு கட்டியின் பெயர் வரலாறு

மருத்துவத்தின் வரலாறு ஒருவகையில் பெயரிடுதலின் வரலாறும்தான். தவறான பெயரொன்று எத்தனை தலைமுறைகளின் பார்வையைத் திசைதிருப்பக்கூடும் என்பதற்கு மயிர்க்காலில் தோன்றும் ஒரு சிறு கட்டி சான்று.

1880இல் மலெர்ப், ஷெனாந்தே என்னும் பிரெஞ்சு மருத்துவர்கள் தோலுக்கடியில் கல்போல் இறுகியிருந்த கட்டியொன்றை விவரித்தனர். அதில் சுண்ணம் படிந்திருந்தது. எண்ணெய்ச் சுரப்பியே அதன் பிறப்பிடம் என்று அவர்கள் கருதினர். பெரும்பாலும் சிறுவர்களின் தலையிலும் கழுத்திலும் கைகளிலும் காணப்படும் கட்டி அது.

நுண்ணோக்கியில் அது காட்டும் காட்சி விசித்திரமானது. விளிம்பில் கருநீலமாய் நெருங்கி நிற்கும் இளஞ்செல்கள். நடுவில், உட்கரு இருந்த இடம் மட்டும் வெறுமையாய்த் தெரியும் வெளிறிய செல்கள். இவற்றை நிழல் செல்கள் என்பர். முடியாக முயன்று, முடியாகாமலேயே மாண்டவை. 1961இல் ஃபோர்பிஸும் ஹெல்விக்கும் 228 கட்டிகளை ஆராய்ந்து, முடியை உருவாக்கும் மேட்ரிக்ஸ் செல்களே இவற்றின் மூலம் என்று காட்டினர். பைலோமேட்ரிக்சோமா என்று பெயரிட்டனர். பெயர் திருந்த எண்பது ஆண்டுகள் ஆயின.

ஆனால் தீங்கற்றது எனப்பட்ட இக்கட்டிக்கு அரிதாக ஒரு கொடிய வடிவமும் உண்டு. 1980இல் லோபன்ஸ்ரியும் மிம்மும் அதைப் புற்றுநோயாக இனங்கண்டு எழுதினர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நிழல் செல்கள் இரண்டிலும் உண்டு. ஒன்றை எளிதாக அகற்றிவிடலாம். மற்றொன்றோ மீண்டும் முளைக்கும், நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் பரவக்கூடும். வேறுபாட்டைச் சொல்வது பெரும்பாலும் கட்டியின் எல்லையே: அண்டைத் திசுவை ஊடுருவுகிறதா, நரம்பையோ இரத்தக் குழாயையோ பற்றியிருக்கிறதா என்பது. ஆகவே சிறு துணுக்கை மட்டும் எடுத்துப் பார்க்கும் சோதனை ஏமாற்றிவிடலாம்.

1999இல் எலைன் ஃபுக்ஸின் ஆய்வுக்குழு, பைலோமேட்ரிக்சோமாக்களில் பீட்டா-கேட்டனின் மரபணு பிறழ்ந்திருப்பதைக் கண்டறிந்தது. இனி மரபணுவே தீர்ப்புச் சொல்லிவிடும் என்று நம்ப இடமிருந்தது. ஆனால் 2005இல் வெளியான ஆய்வு, அதே பிறழ்வு புற்றுநோய் வடிவத்திலும் இருப்பதைக் காட்டியது. மரபணு கட்டியின் குலத்தைச் சொல்லிற்று, குணத்தைச் சொல்லவில்லை.

எனவே தீர்ப்பு இன்றும் கண்ணாடித் தகட்டின் முன் அமர்ந்திருக்கும் நோயியல் வல்லுநரின் பொறுமையையே பெரிதும் சார்ந்திருக்கிறது. மலெர்ப் காலத்தவர் பார்த்த அதே நிழல்களைத்தான் அவரும் பார்க்கிறார். நிழலோடு நின்றுவிடாமல் விளிம்புவரை பார்க்க வேண்டும் என்பதே இவ்வரலாறு அவருக்குத் தந்திருக்கும் பாடம்.