கருவின் மூளையும் டெக்ஸாமெத்தசோன் ஊசியும்

கல்மண்டபத்தை அடுத்து ராயபுரத்தில் இருக்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. வடசென்னையின் துறைமுகத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பெண்கள் பலர் பிரசவத்துக்கு நாடும் இடம். மாதம் நிறையுமுன் வலி கண்டோ பனிக்குடம் உடைந்தோ அரசு மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கு, இந்திய அரசின் 2014 வழிகாட்டுதல் டெக்ஸாமெத்தசோனைப் பரிந்துரைக்கிறது: 24 முதல் 34 வாரத்துக்குள், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, 6 மில்லிகிராம் வீதம் நான்கு ஊசிகள். நுரையீரலுக்காகத் தரப்படும் இந்த ஸ்டீராய்டு கருவின் மூளைக்கும் செல்கிறது. ஆகவே, ஊசி தேவைப்படாத சிசுவுக்கு அது சேராதபடி கர்ப்பத்தின் வயதைத் துல்லியமாகக் கணிப்பது, சிசுவின் மூளையைக் காக்கும் வேலையும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஸ்டீராய்டு ஊசியின் பயனில் ஐயமில்லை. நியூசிலாந்து மருத்துவர் லிக்கின்ஸ், ஸ்டீராய்டால் ஆட்டுக் கருக்களில் கண்ட பயனைச் சக மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து ஆக்லாந்தில் தாய்மார்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார். குறைமாதச் சிசுக்களின் மூச்சுத்திணறல் குறைந்தது.

மூளையில் நடப்பது வேறு. தாயின் இரத்தத்தில் ஓடும் கார்டிசாலின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடும். வளரும் கருவுக்கு இயற்கை அமைத்த காவல் அது. டெக்ஸாமெத்தசோனை அந்த நொதியால் அவ்வளவாக மாற்ற முடிவதில்லை. அதனால்தான் மருந்து கருவை எட்டுகிறது, அதனால்தான் மூளையையும் எட்டுகிறது. கொழுப்பில் கரையும் மூலக்கூறு என்பதால் நரம்பணுவுக்குள் புகுந்து, ஏற்பியுடன் இணைந்து, உட்கருவில் மரபணுக்களின் இயக்கத்தையே மாற்றுகிறது. நினைவுக்கும் மன அழுத்தத்தை அடக்குவதற்கும் உதவும் ஹிப்போகாம்பஸில் இந்த ஏற்பிகள் மிகுதி. ரீசஸ் குரங்குக் கருக்களில் டெக்ஸாமெத்தசோன் அப்பகுதியின் நரம்பணுக்களைச் சிதைத்ததை 1990இல் ஊனோ குழுவினர் காட்டினர். மருந்தின் அளவு கூடக்கூடச் சேதமும் கூடியது.

மனிதரிடம் சான்று இத்தனை நேரானதல்ல. லிக்கின்ஸ், ஹோவியின் அந்த ஆக்லாந்துச் சோதனையில் பிறந்த குழந்தைகளை அவர்களின் 31 வயதில் பரிசோதித்தபோது அறிவாற்றலிலோ மனநலத்திலோ வேறுபாடு தென்படவில்லை. ஆனால் 2020இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வு 6,70,097 குழந்தைகளைப் பின்தொடர்ந்தது. ஊசி பெற்ற தாய்க்கு மாதம் நிறைந்தே பிறந்தவர்களில் 8.89 சதவீதத்தினருக்கு மனநல, நடத்தைக் கோளாறு கண்டறியப்பட்டது. ஊசி பெறாதவர்களில் 6.31. குறைமாதத்தில் பிறந்தவர்களிடையே, பிற காரணிகளைக் கணக்கிட்டபின், இந்த வேறுபாடு நிலைக்கவில்லை. இது கண்காணிப்பு ஆய்வு. ஊசி தேவைப்படும் நிலைக்குத் தாயைக் கொண்டுவந்த நோயே காரணமாக இருக்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆயினும் என் பார்வையில் இதன் பொருள் கனமானது. உண்மையிலேயே முன்கூட்டிப் பிறக்கும் சிசுவுக்கு ஊசி உயிர் தருகிறது. பொய்வலி கண்டு ஊசி பெற்று, பின் நிறைமாதத்தில் பெற்றெடுப்பவளின் சிசுவுக்கு ஆதாயம் ஏதுமில்லை, சுமை மட்டுமே மிஞ்சக்கூடும்.

டெக்ஸாமெத்தசோன் ஊசியைப் பற்றிய இரண்டு பெருஞ்சோதனைகள் இதையே வேறு கோணத்தில் சொல்கின்றன. இரண்டிலும் இந்தியா இடம்பெற்றது. ஆறு நாடுகளில் நடந்து 2015இல் அச்சான சோதனையில், ஸ்கேன் அரிதான ஊர்ப்புறங்களில் வாரக் கணக்கு பெரும்பாலும் மாதவிலக்குத் தேதியையும் வயிற்றின் அளவையும் நம்பியிருந்தது. ஊசி பரவலாக்கப்பட்ட பகுதிகளில் சிசு மரணம் ஆயிரத்துக்கு 27.4 ஆகவும், ஒப்பீட்டுப் பகுதிகளில் 23.9 ஆகவும் இருந்தது. 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் சோதனையோ மருத்துவமனைகளில், ஸ்கேனால் வாரத்தை உறுதிசெய்து நடந்தது. சிசு மரணம் மருந்து பெறாத குழுவில் 23.5 சதவீதம், பெற்ற குழுவில் 19.6 சதவீதம். மருந்து ஒன்றே. சிசு பராமரிப்பு வசதியும் மாறியது உண்மைதான், ஆனால் யாருக்கு, எந்த வாரத்தில் என்ற கணிப்பை ஒதுக்கிவிட்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பமும், கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் கண்காணிக்கும் அரசின் பிக்மி இணையதளத்தில் பதிவாகிறது. அப்பதிவோடு முதல் மூன்று மாத ஸ்கேன் தேதியும் கட்டாயமாக இணைய வேண்டும். நள்ளிரவில் வலியோடு வரும் பெண்ணின் சரியான வாரம் பணி மருத்துவரின் கண்முன் இருக்க வேண்டும். ஊசி பெற்று நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைப் பள்ளி வயதுவரை தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாட்டை, இத்தனை பிரசவங்களைப் பார்க்கும் ராயபுரத்திலேயே சுகாதாரத் துறை தொடங்க வேண்டும்.